கலியாண வீட்டார் பூட்டிய இணையத்தளம்

இணையத்தள உதவி வேலையிலிருந்து நான் விலகிய பிரியாவிடையன்று இரண்டு வார்த்தை பேசும்படி கேட்டீர்கள். நான் எழுந்து, எல்லோருக்கும் நன்றி என்று சொல்லிவிட்டு உடனேயே இருந்துவிட்டேன். நீங்கள் கைதட்டிச் சிரித்தீர்கள். கூட்டத்துக்கு முன்னால் எனக்கு வாய் வராது. இத்தனை வருட வேலையிலும் அது மட்டும் மாறவில்லை. எழுதுவதென்றால் கொஞ்சம் வரும். ஆகவே அன்று சொல்லாமல் விட்டதை இப்போது எழுதித் தருகிறேன்.

நான் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள். நீங்கள் மேலே படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஒருவர் வந்து, என் தளத்தின் கொன்ட்றோல் பனலுக்குள் போக முடியவில்லை என்று சொன்னால், எதைத் திறந்து எதை மாற்ற வேண்டும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. எங்கள் ஊரில் அப்படி ஒருவர் தனியாக வரமாட்டார். கூடவே ஆட்கள் வருவார்கள். அந்த ஆட்களை என்ன செய்வது என்பது எந்தப் பாடத்திலும் இல்லை. எனக்கு அது தெரிந்தது ஒரு கலியாணத்தில்.

போர்நிறுத்தத்தில் யாழ்ப்பாணப் பாதை திறந்திருந்த காலம். கிளிநொச்சியில் கண்டி வீதிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கணினி நிலையத்தில் வேலை செய்தேன். கூரையில் ஒரு பெரிய டிஷ், பின்புறத்தில் ஒரு ஜெனரேற்றர், உள்ளே ஒரு வரிசைக் கணினிகள், வாசலுக்குப் பக்கத்தில் ஒரு தொலைபேசி. அவ்வளவுதான் நிலையம். வட்டக்கச்சியில் வயல் செய்யும் குடும்பத்துப் பெண்ணான தர்சினி கிழமைதோறும் அங்கே வந்து மெயில் அடிப்பாள். ஜேர்மனியில் இருந்த ரூபனுக்கு அவளைப் பேசியிருந்தார்கள். முதலில் அவர்கள் ஆளுக்கு ஆள் படம் அனுப்பினார்கள், பிறகு மெயில் எழுதினார்கள், பிறகு ஒருநாள் அவள் கலியாண அழைப்பிதழைக் கொண்டுவந்து வெட்கத்தோடு என் மேசையில் வைத்தாள்.

அந்த அழைப்பிதழின் அடியில் ரூபன் தொடங்கிய இணையத்தளத்தின் முகவரி அடித்திருந்தது. தாலி கட்டிய அன்றே படங்களை இந்த முகவரியில் பார்க்கலாம் என்றும் போட்டிருந்தது. அதற்குக் காரணம் ரூபனின் அம்மா. ரூபன் அவருக்கு ஒரே பிள்ளை. விமானச் சீட்டு எல்லாம் எடுத்த பிறகு அவர் பனியில் சறுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டு அங்கே ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். நாளை மாற்றக் கூடாது என்று பிடிவாதமாகச் சொன்னவரும் அவர்தான். ஆனால் இன்னொன்றையும் சொல்லிவிட்டார். தாலி ஏறினதைக் கண்ணால் காணும்வரை சோறு தண்ணி வேண்டாமாம். தண்ணீருக்கு மட்டும் ரூபன் கெஞ்சிச் சம்மதம் வாங்கியிருந்தார். அவருக்குச் சீனி வருத்தமும் இருந்தது.

அந்த வாட்டில் இருந்த ஒரு தாதி, தன் வேலை முடிந்து போவதற்கு முன் வாட்டுக் கணினியில் அந்த முகவரியைத் திறந்து காட்டுவதாக ஒப்புக்கொண்டிருந்தார். மெயிலில் அனுப்பியிருக்கலாமே என்பீர்கள். அந்தக் கணினியில் மெயில் பார்க்க அவருக்கு அனுமதி இல்லை. முகவரியைத் திறந்து காட்டலாம், அவ்வளவுதான். அவர் வேலை முடிகிற நேரம் எங்களுக்குப் பொழுதுபடுகிற நேரம்.

மத்தியானப் பந்தி முடிந்த கையோடு நிலைய வாசலில் ஒரு வான் வந்து நின்றது. மாலையோடு ரூபன் இறங்கினார். கூறைச் சேலையோடு தர்சினி இறங்கினாள். பிறகு வானுக்குள் இவ்வளவு பேர் எப்படி இருந்தார்கள் என்று நான் யோசிக்கும் அளவுக்கு ஆட்கள் இறங்கினார்கள். தர்சினியின் தாய்மாமன் குணம் மாமா, கலியாண வீட்டுக் குசினிச் சமையலுக்குத் தலைமை தாங்கிய சித்தி, யாழ்ப்பாணத்தில் கொம்பியூட்டர் கோர்ஸ் முடித்துவிட்டு வந்திருந்த மச்சான் செந்தூரன், மாப்பிள்ளை பக்கத்துப் பெரியப்பா. உள்ளே ஏற்கெனவே லொறியில் சாமான் கொண்டுவரும் ஒரு முஸ்லிம் வியாபாரி இருந்து மெயில் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் எல்லோரும் அவரை நானா என்றே கூப்பிடுவோம். அவரும் எழுந்து நின்று மாப்பிள்ளைக்குக் கை கொடுத்தார்.

ரூபன் முதலாவது கணினியில் இருந்து கடவுச்சொல்லை அடித்தார். பிழை என்று வந்தது. இன்னொரு தரம் அடித்தார். அதுவும் பிழை.

"மாப்பிள்ளைக்குத் தாலி கட்டின கை இன்னும் நடுங்குது," என்றார் குணம் மாமா.

"இல்லை அத்தான், உந்தக் கீபோட் சரியில்லை. இஞ்சை வாங்கோ," என்று செந்தூரன் அடுத்த கணினிக்குக் கூப்பிட்டார். அங்கேயும் பிழை. அதைக் கண்ட நானா தன்னுடைய மெயிலை மூடிவிட்டு, "தம்பி, இது நல்ல மெசின். நான் நெடுக இதிலதான் பாக்கிறனான்," என்று கதிரையை விட்டு எழுந்தார். அவர் எழுந்தது கண்டு மற்றவர்களும் எழுந்தார்கள். மாப்பிள்ளைக்குத் தன் கதிரையைக் கொடுக்காதவர் அன்று யாரும் இல்லை. மாலையும் கழுத்துமாக ரூபன் கோயில் வீதி சுற்றுவது போல எல்லாக் கணினிகளையும் சுற்றி வந்தார். ஒவ்வொன்றிலும் இருந்து, அடித்து, பிழை வாங்கி எழும்பினார். கடைசிக் கணினியில் உள்நுழையும் பக்கமே வரவில்லை.

அப்போதுதான் ரூபன் தன் விரல்களைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பெரிதாகச் சிரித்தார். "ஐயோ, ஜேர்மன் கீபோட்டிலை எழுத்துகள் இடம் மாறி இருக்கும். நான் பாக்காமல் அடிச்சிருக்கிறன்!" என்றவர், அந்த மகிழ்ச்சியில் கடவுச்சொல்லைக் கூடத்துக்கே கேட்கச் சத்தமாகச் சொல்லிவிட்டார்.

சரியான திறப்பு கைக்கு வந்துவிட்டது. கதவைத்தான் காணவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பக்கம் வராவிட்டால் அது மூன்று இடத்தில் ஒன்றால் வரும். எங்கள் இணைப்புப் படுத்திருக்கலாம், தளம் இருக்கும் இடம் படுத்திருக்கலாம், அல்லது எங்களை மட்டும் உள்ளே விடாமல் பூட்டியிருக்கலாம். எதுவென்று தெரியாமல் கை வைத்தால் நல்லதாக இருப்பதையும் கெடுப்போம். மற்றத் தளங்கள் திறந்தன. ஆகவே எங்கள் இணைப்பில் பிழை இல்லை. ரூபனைக் கொண்டு அந்தத் தாதிக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டோம். தளம் அங்கே நன்றாகத் திறக்கிறதாம், முதலில் போட்டுவைத்த பிள்ளையார் படம் தெரிகிறதாம். அப்படியென்றால் பூட்டு எங்களுக்கு மட்டும்தான். நாங்கள் எத்தனை கணினி வைத்திருந்தாலும் ஒரே டிஷ்ஷால்தான் வெளியே போகிறோம். தூரத்தில் அந்தத் தளத்தை வைத்திருக்கும் வழங்கிக் கணினிக்கு நாங்கள் எல்லோரும் ஒரே ஆள். பிழையான கடவுச்சொல்லோடு விடாமல் கதவைத் தட்டிய ஒரு ஆள்.

தாதி இன்னொன்றும் சொன்னார். ரூபன் அதை மொழிபெயர்க்கும்போது முகம் வாடிவிட்டது. "அம்மா காலமைச் சாப்பாட்டைத் திருப்பி அனுப்பிப்போட்டாவாம். டொக்டர் வந்து ஏசிப்போட்டுப் போறாராம்."

வேறு இணைப்பு வேண்டுமென்றால் வவுனியாவுக்குப் போக வேண்டும். ஓமந்தைச் சோதனைச் சாவடி தாண்டிப் போய்ச் சேர்வதற்குள் பொழுது பட்டுவிடும். ஜேர்மனியில் இருந்த நண்பர் ஒருவருக்கு ரூபன் எடுத்துப் பார்த்தார். வேலையில் நின்றிருக்க வேண்டும், எடுக்கவில்லை. ஆகவே தளத்துக்கு இடம் கொடுத்த நிறுவனத்துக்கு ரூபனின் மெயிலில் இருந்து எழுதினோம். அவர்கள் நல்லவர்கள். பூட்டை எடுத்துவிட்டோம் என்று கெதியாகவே பதில் வந்தது.

பதிலை ரூபன் வாசித்து முடிப்பதற்குள், "திறந்திட்டுது!" என்று செந்தூரன் கத்தினார். நான், "ஒருத்தரும் தொடாதேங்கோ" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. எல்லாக் கணினியிலும் யாரோ ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் கடவுச்சொல் தெரியும். எல்லோருக்கும் அந்தப் பிள்ளைகளுக்கு உதவ வேண்டும். ஒருவர் பெரிய எழுத்தில் அடித்தார், ஒருவர் சின்ன எழுத்தில் அடித்தார், பெரியப்பா ஒற்றை விரலால் அடித்து அடிக்கொரு தரம் உள்நுழையும் பொத்தானை அழுத்திப் பார்த்தார். எங்கள் இணைப்பு மெதுவானது. சரியாக அடித்தவருக்குப் பக்கம் வருவதற்குள் மற்றவர்களின் பிழைகள் போய்ச் சேர்ந்துவிட்டன. பூட்டு மறுபடியும் விழுந்தது.

இந்த முறை நிறுவனத்திலிருந்து அவர்களாகவே எழுதியிருந்தார்கள். கேட்டால் இன்னும் ஒரே ஒரு தரம் திறந்துவிடுவார்களாம். அதற்குப் பிறகும் பூட்டுப்பட்டால் நாளைக்குத்தான் பார்க்கலாமாம்.

"எழுதுங்கோ மாப்பிள்ளை, உடனை எழுதுங்கோ," என்றார் பெரியப்பா.

"இப்ப எழுத வேண்டாம்," என்றேன் நான். அது எப்படியோ எல்லோருக்கும் கேட்டுவிட்டது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏன் பிள்ளை? அங்கை மனிசி பட்டினி கிடக்குது," என்றார் குணம் மாமா.

என்ன சொல்வது? நீங்கள் எல்லோரும் கையை எடுத்தால்தான் கதவு திறக்கும் என்று சொல்ல முடியுமா? எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்கு உதவி செய்ய வந்தவரை வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். அந்தக் கோபம் பேரப்பிள்ளையின் காதுகுத்து வரைக்கும் நிற்கும். கணினிகளின் கேபிளைச் சத்தமில்லாமல் கழற்றிவிடலாமே என்றும் நினைத்தேன். ஆனால் செந்தூரன் கோர்ஸ் முடித்தவர், அதைக் கண்டுபிடித்துத் திருத்திவிடுவார்.

நான் மெதுவாகச் சித்திக்குப் பக்கத்தில் போய் விஷயத்தைக் காதுக்குள் சொன்னேன். உதவி கூடக்கூடப் பூட்டு இறுகுகிறது, ஒரே ஒரு கை மட்டும் ஒரே ஒரு தரம் அடிக்க வேண்டும் என்றேன். சித்திக்குக் கணினி தெரியாது. ஆனால் நான் பாதி சொல்லும்போதே அவருக்கு விளங்கிவிட்டது.

"உது குசினிக்கை நாளாந்தம் நடக்கிறதுதான் பிள்ளை. பத்துப்பேர் அகப்பை பிடிச்சால் பாயாசம் அடிப்பிடிக்கும். ஆக்களை வேண்டாமெண்டு சொல்லப்படாது. வேலை குடுக்கோணும். சும்மா வேலை குடுத்தால் அதுக்கும் கோபம் வரும். மெய்யான வேலை குடுக்கோணும். உன்னட்டை என்ன வேலை கிடக்கு, சொல்லு."

நான் யோசித்துப் பார்த்தேன். மெய்யான வேலை நிறையக் கிடந்தது. கமராவில் இருந்த படங்கள் எல்லாவற்றையும் அந்த இணைப்பு தாங்காது, நல்லதாகக் கொஞ்சம் தெரிந்தெடுக்க வேண்டும். எடுத்தவற்றைச் சிறிதாக்க வேண்டும். படம் ஏறும்போது ஜெனரேற்றர் நின்றுவிட்டால் எல்லாம் வீண், அதைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். தாதியோடு தொடர்பு அறாமல் இருக்க வேண்டும். இதையெல்லாம் நான் ஒவ்வொன்றாக மெல்லச் சொன்னேன். சித்தி பந்திக்கு ஆள் கூப்பிடும் குரலில் அதைத் திருப்பிச் சொன்னார். அன்றைக்கு எனக்கு இல்லாத குரல் அவரிடம் இருந்தது.

"குணம் அண்ணை! சம்பந்தியும் நீங்களும் அந்தக் கடைசிக் கொம்பியூட்டரிலை இருந்து படம் தெரியுங்கோ. ரெண்டு பக்கத்து ஆக்களும் வடிவாய் விழுந்திருக்கோணும், பிறகு என்னட்டை முறைப்பாடு வரப்படாது! செந்தூரன், அவை தாறதை நீ சின்னனாக்கு. அதுக்குத்தானே படிச்சனி?"

"ஓம் சித்தி, அது எனக்குக் கைவந்த வேலை," என்று செந்தூரன் சட்டைக் கையை மடித்தார். ஜெனரேற்றரைப் பார்க்கும்படி நானாவிடம் நானே கேட்டேன். "தங்கச்சி, இஞ்சின் எண்டால் யோசிக்காதேங்கோ. நான் லொறியோடையே வளந்தவன்," என்று சொல்லிக்கொண்டு அவர் பின்புறம் போய்விட்டார். மற்றவர்களில் சிலர் தேநீர் போட, சிலர் பாய் கேட்டு அயலுக்குள் போனார்கள். சற்று நேரத்தில் கடைசிக் கணினியைச் சுற்றி நல்ல சண்டை ஒன்று தொடங்கிவிட்டது.

"உந்தப் படத்திலை என்ரை பாதி முகம்தான் தெரியுது!" என்றார் பெரியப்பா.

"மீதிப் பாதியை நான் கலியாணத்துக்கு வந்தபடியால் மறைச்சிட்டன், விடுங்கோ சம்பந்தி," என்றார் குணம் மாமா.

சண்டை பிடிக்கும் கைகள் கடவுச்சொல் அடிக்காது. எனக்கு அது போதும்.

எல்லாம் ஆயத்தமான பிறகுதான் நிறுவனத்துக்கு எழுதச் சொன்னேன். பதில் வந்தது. தொலைபேசிக்குப் பக்கத்தில், தளம் திறந்திருக்கும் ஒரே கணினிக்கு முன்னால் ஒரே ஒரு கதிரை. இப்போது அதில் யார் இருப்பது?

குணம் மாமா படத்தை விட்டுவிட்டு, "தாய்மாமன் இருக்கேக்கை..." என்று தொடங்கினார். பெரியப்பா தொண்டையைச் செருமினார். செந்தூரன் எழும்பினார். ரூபனின் விரல்களை நான் நம்பவில்லை. நானே இருந்து அடித்திருக்கலாம், அது என் தொழில். ஆனால் இத்தனை பேருடைய கையையும் ஒதுக்கிவிட்டு வேலைக்காரப் பிள்ளை போய் இருந்ததாக அது முடியும். ஒருவரும் மறுப்புச் சொல்ல முடியாத ஆள் ஒருத்திதான் அங்கே இருந்தாள். வந்ததிலிருந்து ஒரு தரம்கூடக் கணினியைத் தொடாதவள், அன்று முதல் இரண்டு பக்கத்துக்கும் சொந்தமானவள்.

"தர்சினி, நீங்கள் இருங்கோ," என்றேன்.

"ஐயோ அக்கா, எனக்கு ஏலாது."

"ஏலும். கிழமைக்குக் கிழமை உவருக்கு மெயில் அடிச்ச கைதானே."

கூடம் முழுவதும் சிரித்தது. அவள் கூறையை ஒதுக்கிக்கொண்டு இருந்தாள். ரூபன் ஒரு காதில் தொலைபேசியைப் பிடித்தபடி குனிந்து, அவள் காதில் எழுத்து எழுத்தாகச் சொல்ல வேண்டும். அவருக்கும் வெட்கம் வந்துவிட்டது.

"எல்லாரும் அங்காலை திரும்புங்கோ!" என்று அதட்டினார் சித்தி. வேட்டியும் சேலையுமாக அவ்வளவு பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். கடவுச்சொல் ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் திரும்பி நின்றார்கள். அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, அவள் ஒவ்வொரு கட்டையாகத் தேடி அழுத்தினாள். பொத்தானை ஒரே ஒரு தரம் அழுத்திவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். பக்கம் வரும்வரை அந்தக் கூடத்தில் யாரும் மூச்சு விட்டதாக எனக்கு நினைவில்லை.

"வந்திட்டுது," என்றாள் மெல்ல.

முதல் வேலையாகக் கடவுச்சொல்லை மாற்றச் சொன்னேன். பழையது வட்டக்கச்சி முழுவதற்கும் சொந்தமாகிவிட்டது. பிறகு செந்தூரன் தந்த படங்கள் ஒவ்வொன்றாக ஏறின. நடுவில் ஜெனரேற்றர் இரண்டு தரம் இருமியது. எல்லோரும் நெஞ்சில் கையை வைத்தோம். "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை!" என்று பின்புறத்திலிருந்து நானாவின் சத்தம் வந்தது, இஞ்சினும் சரிவந்தது.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். கதவு பூட்டுப்பட்டால் முதலில் தட்டுவதை நிறுத்துங்கள். யாருக்குப் பூட்டு என்பதைக் கண்டுபிடியுங்கள். திறக்கச் சொல்லிக் கேட்பதற்கு முன்னால் உள்ளே போகப்போவது யார் என்று முடிவு செய்யுங்கள். உதவிக்கு வந்து நிற்பவர்களை வாடிக்கையாளர் கூட்டம் என்று சலிக்காதீர்கள். படம் தெரிய ஓர் ஆள், இஞ்சின் பார்க்க ஓர் ஆள் எப்போதும் தேவைப்படும். உங்களுக்கும் என்னைப்போலக் குரல் இல்லையென்றால், குரல் உள்ள ஒருவரைத் தேடிப்போய்க் காதுக்குள் சொல்லுங்கள். அதில் வெட்கமில்லை.

பொழுது சாயும்போது படங்கள் ஏறி முடிந்தன. ரூபன் தொலைபேசியில் சொன்னார். தாதிக்கு வேலை முடிந்துவிட்டதாம், ஆனால் அவர் போகவில்லையாம். அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கணினியடிக்குத் தள்ளிக்கொண்டு போகிறாராம். பிறகு ரூபன் தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் கேட்கட்டும் என்று தொலைபேசியின் ஒலிபெருக்கியை அழுத்திவிட்டேன்.

"எங்கை என்ரை மருமகள்?" என்றது ஒரு குரல்.

"இஞ்சை இருக்கிறன் மாமி."

"பிள்ளை, கூறை வடிவாயிருக்கு. நெத்திச்சுட்டிதான் ஒரு பக்கம் சரிஞ்சு கிடக்கு. ஆர் கட்டினது?"

சித்தி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சரி, அது போகட்டும். சாப்பிட்டியோ பிள்ளை?"

தர்சினி ஓரக்கண்ணால் சித்தியைப் பார்த்தாள்.

"கேட்டனானெல்லே, சாப்பிட்டியோ?"

"இல்லை மாமி. நீங்கள் அங்கை பட்டினி கிடக்கேக்கை எனக்கு எப்பிடி இறங்கும்?"

"அடியேய்!" என்று சித்தி பாய்ந்தார். "உன்ரை இலையிலை நான்தானேடி சோறு போட்டனான்?"

"உங்களுக்குத் தெரியாமல் இலையை மடிச்சுப்போட்டன் சித்தி."

தொலைபேசியில் சிரிப்புக் கேட்டது. சிரிப்புக்குள் கொஞ்சம் அழுகையும் இருந்தது. "இஞ்சை எனக்குச் சூப்பும் பாணும் கொண்டுவந்து வைச்சிருக்கினம். நீயும் சோத்தை எடு. ரெண்டு பேருமாய்ச் சாப்பிடுவம். போனை வைச்சிடாதை."

சித்தி வானுக்கு ஓடிப்போய் ஒரு பார்சலும் வாழையிலையும் கொண்டுவந்தார். வேலையால் கலியாணத்துக்கு வர முடியாமல் போன எனக்கென்று கட்டிக்கொண்டு வந்த சாப்பாடு அது. அதை எங்கே வைப்பது என்று அவர் சுற்றிப் பார்க்க, குணம் மாமா சுவரில் நான் எழுதி ஒட்டியிருந்த அறிவித்தலைப் பெரிய குரலில் வாசித்தார்.

"கணினிக்கு அருகே உணவு கொண்டுவருதல் முற்றாகத் தடை!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கீபோட்டைத் தூக்கி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, தர்சினிக்கு முன்னால் அந்த இடத்தில் வாழையிலையை விரித்தேன்.